விமானத்துக்குள் மணம் வந்தால்: வன்னியிலிருந்து பறக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ரிக்கற் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், தரையில் நிற்கும் விமானங்களைப் பார்க்கிற குழுவில் உதவியாளனாக நின்றேன். அதற்கும் முன் பரந்தனில் உழவு இயந்திரம் திருத்துகிற கராஜ். ரிக்கற் வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது இந்த மணங்களைப் பற்றித்தான். "அண்ணை, போனமுறை ஏறினவுடனே ஒரு மாதிரி மணந்தது, தலை இடிச்சது, அது என்ன?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

உள்ளே சுவாசிக்கிற காற்று சிலிண்டரிலிருந்தா வருகிறது?

இல்லை. வெளியே இருக்கிற காற்றுத்தான். ஆனால் 35,000 அடி உயரத்தில் அந்தக் காற்று மெலிந்து கிடக்கும், குளிரும் சைபருக்குக் கீழே 50 பாகையைத் தாண்டும். அதை அப்படியே உள்ளே விட முடியாது. அதனால் பெரும்பாலான ஜெற் விமானங்களில் எஞ்சினின் முன்பகுதி அமுக்குகிற காற்றில் ஒரு பங்கை, எரிபொருள் கலக்க முன்னரே குழாய் வைத்து எடுத்து, குளிராக்கி உள்ளே அனுப்புகிறார்கள். நீங்கள் சுவாசிப்பதில் ஏறக்குறையப் பாதி இப்படி வந்த புதுக்காற்று. மற்றப் பாதி ஏற்கனவே உள்ளே சுற்றிய காற்று, ஹெப்பா என்கிற நுண்வடியால் வடித்துத் திரும்ப வருவது. மணித்தியாலத்துக்கு 20, 30 தடவை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறும். மினிபஸ்ஸை விட எவ்வளவோ சுத்தம்.

சிக்கல் எங்கே என்றால், அந்த எஞ்சினின் சுழல் தண்டு ஓடுவதற்கு ஒயில் வேண்டும். ஒயில் ஒரு பக்கம், காற்று மற்றப் பக்கம், நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால், அல்லது யாராவது ஒயிலை அளவுக்கு மேலே ஊற்றி விட்டால், கொஞ்சம் கசிந்து சூடான காற்றில் கருகும். கருகின ஆவி நேரே உங்கள் தலைக்கு மேலே இருக்கும் துவாரத்துக்கு வரும். ஹெப்பா வடி தூசியையும் கிருமியையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. உழவு இயந்திரத்துக்கு ஒயில் கூட ஊற்றினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏறி இருந்தவுடன் மண்ணெண்ணெய் மணக்கிறது. எங்கேயோ ஒழுகுகிறதா?

அநேகமாக இல்லை. ஜெற் விமானத்தின் எரிபொருளே மண்ணெண்ணெய் வகைதான், கொஞ்சம் கூடச் சுத்தமானது, அவ்வளவுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய எங்கள் ஆட்களுக்கு அந்தப் புகை நாலு வீடு தள்ளியே தெரியும். கட்டுநாயக்காவில் முன்னுக்கு நிற்கிற விமானத்தின் புகை, காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்து உங்கள் விமானத்தின் எஞ்சினுக்குள் இழுபட்டு உள்ளே வரும். வாலில் இருக்கிற சின்னத் துணை எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் வரும். ஓடுபாதையில் ஓடத் தொடங்கினவுடன் போய்விடும்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் ஏறுகிற ஏரிஆர் 72 விமானத்தில் அந்தத் துணை எஞ்சினே கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினை ஓட விட்டு, காற்றாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைத்துத்தான் மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்க முடியும். பின்பக்கமிருந்து காற்று அடித்தால் புகை உள்ளே வரும். அது பழுது அல்ல. கிளம்பின பிறகும் பத்து நிமிடமாக மணம் போகவில்லை என்றால் சொல்ல வேண்டும்.

கூரையிலிருந்து வெள்ளைப் புகை இறங்குகிறது!

அதைப் பார்த்து முருகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் ஈரம். கட்டுநாயக்கா மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் கடுங்குளிர்காற்று வந்து கலந்தால் பனி மாதிரித் தெரியும், உடனே கரைந்துவிடும். மணம் இருக்காது, கண்ணும் எரியாது. மணமோ எரிவோ இருந்தால் அது வேறு விசயம், கீழே வாசியுங்கள்.

அப்ப, எந்த மணத்துக்குப் பயப்பட வேண்டும்?

இரண்டு மணங்கள். ஒன்று, வயர் அல்லது பிளாஸ்ரிக் எரிகிற மணம். அது மின்சாரமாக இருக்கலாம், பக்கத்து ஆளின் பவர் பாங்க்காக இருக்கலாம். ஒரு விநாடியும் யோசிக்காமல் சத்தம் போட்டுச் சொல்லுங்கள். பவர் பாங்கை எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொல்வதும் பெரிய பெட்டிக்குள் போட விடாததும் இதற்காகத்தான். மேலே எரிந்தால் அணைக்க ஆள் இருக்கும், சாமான் அறையில் எரிந்தால் இல்லை.

இரண்டாவது, எஞ்சின் ஒயில் கருகின மணம். இதை வெள்ளைக்காரர் "அழுக்குச் சொக்ஸ்", "நனைந்த நாய்" என்றெல்லாம் விவரிக்கிறார்கள். எனக்கு அது மாரி காலத்தில் மூன்று நாள் காயாத சாக்கை, பழைய ஒயில் ஊறின துணியோடு சேர்த்து மூட்டை கட்டி வைத்த மணம். எஞ்சினின் வேகம் மாறும் நேரங்களில், அதாவது ஸ்டார்ட் பண்ணும்போது, மேலே எழும்பும்போது, இறங்கத் தொடங்கும்போது, திடீரென்று வரும். கூடவே தொண்டை கரகரப்பு, கண் எரிவு, தலையிடி, தலை சுற்று, வாய்க்குள் உலோகச் சுவை. மூன்று, நாலு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அது உங்கள் பயத்தால் வந்தது அல்ல.

ஐதரோலிக் திரவம் கசிந்தால் மூக்கைக் குத்துகிற எரிச்சல் மணம் வரும். அதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் மாரியில் கிளம்பும்போது இனிப்பான மணம் வந்தால் அது இறக்கையில் உறைபனி நீக்க அடிக்கிற திரவம். கருகின சாப்பாட்டு மணம் வந்தால், சமையல் மூலையில் யாரோ குழம்பை அடுப்புக்குள் சிந்தி விட்டார்கள்.

இதெல்லாம் கண்டுபிடிக்க விமானத்தில் கருவி இருக்காதா?

மலசலகூடத்திலும் சாமான் அறையிலும் புகை அறியும் கருவி இருக்கிறது. ஆனால் நீங்கள் இருக்கிற இடத்தில் ஒயில் ஆவியை அறிகிற கருவி இன்று பறக்கும் பெரும்பாலான விமானங்களில் இல்லை. மூக்குத்தான் கருவி. அதிலும் இரண்டு விசயம் கவனியுங்கள். விமானிகளின் அறைக்குக் காற்று போகிற வழியும் பின்பக்கத்துக்கு வருகிற வழியும் முழுக்க ஒன்றல்ல. உங்களுக்கு மணக்கிறது அவர்களுக்கு மணக்காமலே இருக்கலாம். மற்றது, மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அரிசி ஆலையில் வேலை செய்கிறவருக்கு நெல் அவிக்கிற மணம் தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து "போயிட்டுது" என்று நினைப்பீர்கள், போயிருக்காது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

பணியாளரைக் கூப்பிடும் பொத்தானை அமத்துங்கள். என்ன மணம், எப்போது தொடங்கியது, மேலே துவாரத்திலிருந்தா கீழே இருந்தா, எத்தனையாவது வரிசை. இவ்வளவும் சொன்னால் போதும்.

இது ஏன் முக்கியம் என்றால், விமானிகளால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியும். இரண்டு எஞ்சினிலிருந்தும் தனித்தனியாகக் காற்று வருகிறது. எந்தப் பக்கம் பழுது என்று தெரிந்தால் அந்தப் பக்கக் காற்றை மூடி விட்டு மற்றதில் ஓட்டலாம். அவர்களுக்கென்று முகத்தை இறுக மூடி முழு ஒட்சிசன் தருகிற முகமூடி உண்டு, அதைப் போட்டுக் கொள்வார்கள். தேவை என்றால் கிட்டிய விமான நிலையத்தில் இறக்குவார்கள். நீங்கள் சொன்னதால் மட்டும் விமானத்தைத் திருப்ப மாட்டார்கள், அதனால் "எல்லாரையும் பிந்த வைச்சிட்டன்" என்ற குற்ற உணர்வு தேவையில்லை.

என் கதையைச் சொல்கிறேன். விடுமுறைக்கு வரும்போது, விமானம் கட்டுநாயக்காவுக்கு இறங்கத் தொடங்கின நேரம் அந்த மணம் வந்தது. எனக்கு அது என்னவென்று முதல் மூச்சிலேயே தெரியும். கராஜில் ஒன்று, விமான நிலையத்தில் ஒன்று என்று வாழ்க்கை முழுக்க ஒயில் மணந்தவன் நான். பக்கத்தில் புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒன்று, வீட்டுவேலைக்குப் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறது. "அண்ணை, தலை இடிக்குது" என்றது. "இறங்கினா சரியாகும் தங்கச்சி" என்றேன். அவ்வளவுதான் செய்தேன். பணியாளர் என் முன்னாலேயே இரண்டு தடவை நடந்து போனார். வேலைக்காரன் விமானத்தைப் பற்றி விமானக்காரனுக்குச் சொல்வதா என்ற கூச்சம். அந்தப் பிள்ளை சாமான் எடுக்கிற இடத்தில் குந்தி இருந்து சத்தி எடுத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த விமானம் அன்றிரவே வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போயிருக்கும். யாரும் சொல்லவில்லை என்றால் யாரும் திறந்து பார்க்கவும் மாட்டார்கள்.

எனக்கு இங்கிலிஸ் வராது. எப்படிச் சொல்வது?

மூக்கைத் தொட்டுக் காட்டி "ஸ்மெல், ஒயில்" என்றால் போதும். எரிகிற மணம் என்றால் "பேர்னிங்". தலையிடி என்றால் தலையைத் தொட்டு "பெயின்". இலக்கணம் யாருக்கும் தேவையில்லை. கொழும்பு, சென்னை வழியாகப் போகிற விமானங்களில் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் அல்லது இரண்டு பேர் அநேகமாக இருப்பார்கள். பக்கத்தில் தமிழ்ப் பொடியன் யாராவது இருந்தால் அவனைப் பிடியுங்கள். தனியாகப் போகிற அம்மாமாருக்கு நான் இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் துண்டில் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வைத்து விடுகிறேன்.

மேலிருந்து ஒட்சிசன் முகமூடி ஏன் விழவில்லை?

அது இதற்காக வைத்தது அல்ல. உள்ளே காற்றமுக்கம் குறைந்தால், ஏறக்குறைய 14,000 அடி உயரத்துக்குச் சமமான அளவுக்குப் போனால் விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் கிண்ணம் ஒட்சிசனோடு சுற்றியிருக்கும் காற்றையும் கலந்துதான் தருகிறது. ஆகவே புகை இருந்தால் புகையையும் சேர்த்தே இழுப்பீர்கள். ஒருவருக்கு மூச்சு எடுக்கவே முடியவில்லை என்றால், பணியாளரிடம் சிறு ஒட்சிசன் போத்தல் உண்டு. அதைக் கேளுங்கள்.

நாங்கள் கொண்டு போகிற மாஸ்க், ஈரத்துணி?

கொரோனா நேரம் போட்ட மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஈரத்துணி கண்ணுக்குத் தெரிகிற புகை என்றால் கொஞ்சம் உதவும். மேலே இருக்கும் காற்றுத் துவாரத்திலிருந்தே மணம் வந்தால் அதை மூடுங்கள், முகத்தில் நேரே அடிப்பதாவது குறையும். கூரையோரத்தால் வருகிற காற்றை உங்களால் மூட முடியாது. வெறும் இடம் இருந்தால் இருக்கை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஓடிக்கொலோன் நனைத்த கைலேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரைக் கண்டிருக்கிறேன். அது மணத்தை மறைக்கும், ஆவியை மறைக்காது.

எஞ்சின் ஒயிலில் நஞ்சு இருக்கிறதாமே?

இருக்கிறது. விமான எஞ்சின் ஒயிலில் தேய்மானத்தைக் குறைக்க ரைகிரெசைல் பொஸ்பேற் என்ற சேர்வையை ஏறக்குறைய 3 சதவீதம் கலப்பார்கள். அதன் ஒரு வகை நரம்பைப் பாதிக்கும்.

இந்தப் பெயர் எங்களுக்குப் புதிது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 1977–78இல் இலங்கையில் 20க்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளுக்குக் கை கால் சோர்ந்து நடக்க முடியாமல் போனது. எல்லாரும் புதிதாகச் சாமத்தியப்பட்ட பிள்ளைகள். வைத்தியர்கள் தேடிப் பார்த்தபோது, சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் குடிக்கக் கொடுக்கிற நல்லெண்ணெயில் இந்த இரசாயனம் இருந்தது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஊற்றியதால் கலந்தது. சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரண்டு வைத்தியர்கள் 1981இல் லான்செற் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். பிள்ளையின் உடம்புக்கு உரமேற்றக் கொடுத்த எண்ணெய், பிள்ளையின் காலை வாங்கியது.

இதை வாசித்துவிட்டுப் பயணத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைகள் நாள்கணக்கில் குடித்தார்கள். விமானத்தில் வருவது காற்றில் மிகச் சிறிய அளவு. இன்றைய ஒயில்களில் அந்த மோசமான வகையை வெகுவாகக் குறைத்தும் விட்டார்கள். ஒயில் கருகும்போது வருகிற காபனோரொட்சைட் (கார்பன் மொனொக்சைட்) என்கிற நச்சு வாயுவும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற மற்ற ஆவிகளும்தான் பயணி உடனே உணரக்கூடியவை. காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இறங்கின பிறகும் தலையிடி நிற்கவில்லை. கிளிநொச்சிக்கு வந்து காட்டலாமா?

கூடாது. ஏனென்றால் காபனோரொட்சைட் இரத்தத்தில் ஏறியிருந்தால், சாதாரணக் காற்றைச் சுவாசிக்க 4 முதல் 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடித்து, வழியில் சாப்பிட்டு, முருகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி வீட்டுக்கு வர அதற்கு மேலே ஆகும். பிறகு இரத்தம் எடுத்து என்ன காண்பது? விமான நிலையத்திலேயே வைத்திய உதவி கேளுங்கள், இல்லாவிட்டால் கிட்ட இருக்கிற நீர்கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்ற வந்த சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வைத்தியரிடம் "தலையிடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "விமானத்தில் எஞ்சின் ஒயில் புகை மணந்தது, இவ்வளவு நேரம் இருந்தது" என்று சொல்லுங்கள். மயக்கம், நெஞ்சு நோ, குழப்பமான பேச்சு, மூச்சுத் திணறல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஆஸ்துமாக்காரர், வயிற்றில் பிள்ளை இருப்பவர்?

இன்கேலரைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருங்கள். கர்ப்பிணி என்றால் மணம் வந்தவுடன் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், காபனோரொட்சைட் வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கூடப் பாதிக்கும்.

இதனால் நிரந்தர வருத்தம் வருமா?

இங்கேதான் சண்டை. பல வருடம் பறந்த விமானிகளும் பணியாளர்களும் ஞாபக மறதி, களைப்பு, நரம்புப் பிரச்சினை என்று சொல்கிறார்கள். 1999இல் இதற்கு ஏரோரொக்சிக் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவ உலகம் அதை ஒரு நோயாக இன்னும் ஏற்கவில்லை. 2007இல் பிரித்தானிய அரசின் நச்சியல் குழு பார்த்தபோது, விமானிகள் சொன்னதன்படி ஏறக்குறைய 100 பறப்புக்கு 1இலும், பொறியியலாளர் சோதித்து உறுதி செய்தது 2,000 பறப்புக்கு 1இலும் புகை நிகழ்வு இருந்தது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். என் பார்வையில் வருடத்துக்கு ஒரு தடவை பறக்கிற உங்களுக்கு நீண்டகாலப் பயம் தேவையில்லை. தினமும் அதற்குள் வேலை செய்கிற பிள்ளைகளின் முறைப்பாட்டை மனப்பிரமை என்று தள்ளுவதும் நியாயமில்லை.

இந்தப் பிரச்சினை இல்லாத விமானம் இருக்கிறதா?

போயிங் 787, ட்ரீம்லைனர் என்று சொல்வது. 2011இலிருந்து பறக்கிறது. அதில் எஞ்சினிலிருந்து காற்று எடுப்பதில்லை, மின்சாரத்தால் ஓடுகிற தனி அமுக்கி வெளிக்காற்றை இழுக்கிறது. ரிக்கற் போடும்போது விமானத்தின் வகை திரையில் தெரியும், கேட்டால் சொல்வேன். ஆனால் அதற்காக முப்பதாயிரம் கூடக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் அந்தக் காசும் போச்சு.

ஒஸ்ரேலியா போகும்போது உள்ளே மருந்து அடித்தார்கள்.

பூச்சி மருந்து. நுளம்பும் பூச்சியும் நாட்டுக்குள் போகாமல் இருக்க அடிப்பது. வீட்டில் நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிறே மருந்தின் இனம். வயலுக்கு அடிக்கிற மருந்து அல்ல. ஆஸ்துமா என்றால் முதலே சொல்லி முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

யாரிடம் முறையிடுவது?

இறங்க முன்னமே பணியாளரிடம் இதை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். விமான இலக்கம், திகதி, இருக்கை, மணம் தொடங்கின நேரம், யார் யாருக்கு என்ன செய்தது என்பதைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள். பக்கத்தில் இருந்தவரின் இலக்கத்தையும் வாங்குங்கள். போர்டிங் பாஸை எறிய வேண்டாம். பிறகு விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிரதியை இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு அனுப்புங்கள். சர்வதேசப் பயணத்தில் உடம்புக்குக் காயம் வந்தது என்று வழக்குப் போடுவதானால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். "பிறகு பாப்பம்" என்று விட்டால் போச்சு. கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அண்ணை, முல்லைத்தீவுக் கருவாடு கொண்டு போகலாமா?

இந்தக் கேள்விக்கும் மேலே சொன்னதற்கும் சம்பந்தம் உண்டு. ஒரு தடவை பாரிஸ் போன விமானத்தில் மணம் என்று பணியாளர்கள் அரை மணித்தியாலம் தேடி, கடைசியில் எங்கள் ஆள் ஒருவரின் கைப்பையில் பாரைக் கருவாட்டைக் கண்டுபிடித்தார்களாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் சொந்தச் சாப்பாட்டுக்கென்று மீனும் கருவாடும் 20 கிலோ வரை விடுவார்கள், இறைச்சியை விடமாட்டார்கள், இறங்கும் இடத்தில் பறித்து எறிவார்கள். மிளகாய்த்தூள் என்றால் இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, வாயை ரேப் சுற்றி, பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.